சாவிக்காரி பார்க்காத கல்யாணம்

ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் தங்கள் கண்ணைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டட்டும். என் மருமகள் ஓடவில்லை. பகல் பதினொன்றரை மணிக்கு, காய்கறி வண்டிக்காரர் பார்க்க, தபால்காரர் பார்க்க, கீழ்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் பார்க்க, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி நடந்து போனாள். ஐம்பத்து மூன்று வயதுக்காரி. ஓட நினைத்தாலும் அவள் முட்டி ஓடவிடாது.

தெருமுனையில் ஒரு வேன் நின்றதாம், அதில் ஓர் ஆள் இருந்தானாம். மேல்மாடி அம்மாள் பால்கனியில் நின்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது ஆஸ்பத்திரி வேன். எதிர்த்த தெரு நர்சிங் ஹோமுக்கு வெளுத்த துணி கொண்டுவந்து இறக்குகிற வேன். ஆறு வருஷமாக அதே நேரத்துக்கு அதே இடத்தில்தான் நிற்கிறது. ஓட்டுகிறவர் பேரன் பேத்தி எடுத்தவர். அவள் அந்த வேனின் பக்கம்கூடத் திரும்பவில்லை.

இன்னொரு கதை மளிகைக்கடையில் ஓடுகிறது. நான் பருப்பு வாங்க நிற்கும்போது, நான் நிற்பது தெரிந்தே, கடைக்காரர் மனைவி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "ஒரு கைப்பைக்காக முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தை உதறிட்டாளாமே."

நான் திரும்பினேன். "ஒரு பை இல்லடியம்மா, பதினொரு பை. சொல்றதுதான் சொல்றே, எண்ணிச் சொல்லு."

அவள் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நான் படியேறி வீட்டுக்கு வருவதற்குள் பதினொரு பை என்பது பதினொரு பவுனாகி எனக்கு முன்னால் மேல்மாடிக்குப் போய்விட்டது.

அதனால்தான் நானே சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது; கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவள். நான் சொல்வதை எழுதுகிறவள் ஒரு வார்த்தை மாற்றினாலும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன். அவளைக் கட்டியவன் என் மகன், நான் பெற்றவன். பெற்றவள் மகன் பக்கம்தான் பேசுவாள் என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பையும் மூட்டை கட்டி வைத்துவிடட்டும்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இன்றைக்கும் அங்கேதான். சலவை என்றால் வீட்டு வாஷிங் மெஷின் மாதிரி நினைத்துவிடக் கூடாது. நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். ஆள் உள்ளே போய் நிற்கலாம் போல வாய் திறந்த மெஷின்கள் வரிசையாக ஆறு. ஒரு பக்கம் அழுக்கு மூட்டைகள் சறுக்குப்பலகை வழியாகத் தொப்பென்று விழும். ரத்தம் பட்டது தனி, மருந்து பட்டது தனி, குழந்தைகள் வார்டுத் துணி தனி. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சிவப்பு நூலால் வார்டு எண் தைத்திருக்கும். அதைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள். கட்டைவிரலால் தடவியே எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, கையில் கை வைத்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை இதுதான். இத்தனை வருஷத்தில் அவள் பொறுப்பில் ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போனதில்லை என்று அங்கே இருந்த மேஸ்திரியம்மாள் என்னிடமே சொன்னாள்.

அந்த நல்ல பெயர்தான் அவளுக்கு எமனாக வந்தது. அந்த எமனை முதலில் கூட்டி வந்தவள் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டாம் நாள் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் மணப்பெண் அறையில் ஒரு ஜோடி கம்மல் காணோம் என்று ஒரே களேபரம். அது என் நாத்தனாரின் பையிலேயே கைக்குட்டையில் முடிந்து கிடந்தது. அவள் வைத்த இடத்தை அவளே மறந்திருந்தாள். ஆனால் அது கிடைப்பதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. இனி யாரையும் நம்ப முடியாது என்று நான் புது மருமகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சாவியையும் கையில் கொடுத்தேன்.

"நான் வர்றவரைக்கும் எழுந்திரிக்காதே. யார் கேட்டாலும் கதவைத் திறக்காதே."

"சரி அத்தை" என்றாள்.

நான் மறந்துபோனேன். சாயங்காலம் மண்டபம் காலியாகும்போது வந்து பார்த்தால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடவில்லை. ஆனால் ஒரு ஊசிகூடக் குறையவில்லை. எல்லாரும் மெச்சினார்கள். என் மகள்தான் முதலில் அந்தப் பேரை வைத்தாள்: "எங்க அண்ணி சாவிக்காரி. அவங்க இருந்தா நமக்குக் கவலையே இல்ல."

அதோடு முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், அழைக்க வரும்போதே "அறையை நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் அழைப்பார்கள். என் மகள் கல்யாணத்தையும் சேர்த்துப் பத்தொன்பது. நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். பத்தொன்பதில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முக்கியமான நேரம் வந்தால் செவிடனுக்கும் தெரிந்துவிடும், அவ்வளவு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் மூடிய அறைக்குள் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வாள். எந்த ஆல்பத்திலும் அவள் முகம் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் போகும்போது அவள் கையில் சில்லறையைத் திணித்து, "நல்லாப் பாத்துக்கிட்டேம்மா, மண்டபத்துல மாசச் சம்பளமா, தினக்கூலியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். என் மகனும் சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

அவளுக்கு ஒரே மகள். உடம்பு வலிக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்புப் படித்துவிட்டு வெளிநாடு போனாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துக்கொண்டாள். பையன் தச்சு வேலை செய்கிறவன். ஒருநாள் போனில் முகம் காட்டிச் சொன்னாள்: "பாட்டி, கல்யாணம் அவங்க அம்மா வீட்டுப் பின்பக்கத் தோட்டத்துல. முப்பது பேர்தான். மண்டபம் கிடையாது, மேடை கிடையாது, நகை கிடையாது. யாரும் எதுவும் கொண்டு வரக் கூடாது. பிடிச்ச துணியைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க, அவ்வளவுதான்."

என் மகன் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எல்லாம் நேரப்படி, முறைப்படி நடக்க வேண்டும் அவனுக்கு. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "தோட்டத்துல கல்யாணம் பண்றதுக்கு நாம என்ன கோழியா?" என்றான். என் மகள் வந்து தன் பங்குக்கு ஒப்பாரி வைத்துவிட்டுப் போனாள்.

மருமகள் மட்டும் அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அத்தை, மண்டபம் இல்லன்னா அறையும் இல்லதானே?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த அறை?"

"நகை அறை."

"நகையே இல்லைங்கிறா, அப்புறம் அறை எதுக்கு?"

"அப்ப நான் பாக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். மறுவாரம் கண் டாக்டரிடம் போய் தூரத்துக்கு என்று ஒரு புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சமையல் பண்ணும்போதும் அதைக் கழற்றவில்லை. மூக்கில் வேர்க்கிறது, கழற்றேன் என்றால், "பழகட்டும் அத்தை, அன்னைக்குப் போய் மங்கலாத் தெரிஞ்சா என்ன பண்றது" என்கிறாள்.

போனோம். நான், மகன், மருமகள், என் மகள், அவள் புருஷன். ஐந்து பேருக்குப் பதினொரு பை. எதுவும் கொண்டு வராதே என்று பேத்தி படித்துப் படித்துச் சொல்லியும் என் மகள் வீட்டில் இருந்த நகையையெல்லாம் வழித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "நாலு பேர் முன்னாடி வெறுங்கழுத்தா நிக்க முடியுமா?" என்றாள். அங்கே போய்ப் பார்த்தால் சம்பந்தியம்மாள் முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் மண்ணோடு வந்து எங்களைக் கட்டிப்பிடித்தாள்.

நல்ல மனுஷி. நல்ல வீடு; எங்களையும் மாடியிலேயே தங்க வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் வாசற்கதவைத் தவிர எந்தக் கதவுக்கும் பூட்டு இல்லை. தோட்டத்துக் கேட் திறந்தே கிடக்கிறது. கல்யாணத்தன்று காலையிலிருந்தே ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருகிறார்கள். ஒருத்தர் பெரிய பாத்திரத்தில் கிழங்கு கொண்டு வருகிறார், ஒருத்தி பழத்தை நறுக்க உட்காருகிறாள். நாய் ஒன்று எல்லாரையும் மோந்து பார்க்கிறது. நாற்காலிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஊர்ப்பட்ட சாயலில் கிடக்கின்றன. பெஞ்சுகளை மாப்பிள்ளையே செய்திருந்தான். நான் உட்கார்ந்தது மட்டும் ஆடியது. பெண் செருப்பில்லாமல் புல்லில் நடந்துகொண்டு தன் கல்யாணத்துக்குத் தானே பூ எடுத்துக் குவளையில் வைக்கிறாள். யாருக்கும் அவசரம் இல்லை, யாரும் யாரையும் அதட்டவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் என்றாலே ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான்.

மருமகள் அன்று அரக்கு நிறப் புடவை கட்டி, புதுக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் கிடந்த நாற்காலி ஒன்றைக் கண்ணால் குறித்து வைத்திருந்தாள். நான் பார்த்தேன்.

நான்கு மணிக்குக் கல்யாணம். ஒரு மணிவாக்கில் என் மகள் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "அண்ணி, யார் யாரோ வர்றாங்க போறாங்க. மாடியில நம்ம பையெல்லாம் அப்படியே கிடக்கு. பாஸ்போர்ட்டு, நகை எல்லாம் அதுலதான். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்கூட இல்ல. நீங்க கொஞ்ச நேரம் மேல உக்காந்திருங்களேன்."

மருமகள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் பேப்பர் தட்டில் எதையோ தின்றுகொண்டே சொன்னான்: "போயேன். உனக்குப் பழக்கம்தானே. ஆரம்பிக்கும்போது கூப்பிடுறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"நாலு மணிக்கு ஆரம்பிக்குது. மூணு அம்பதுக்குக் கூப்பிடுறேன். போதுமா?"

டைம் கீப்பர் சொல்கிறார், நம்பிப் போனாள். பூட்டு இல்லாத வீட்டுக்கு அவளையே பூட்டாகப் போட்டார்கள். என் பையும் அந்தப் பதினொன்றில் இரண்டு. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டேகால் இருக்கும், வானம் கறுத்தது. கல்யாணத்தைப் பதிவு செய்கிற அதிகாரியம்மாள், சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவள், வேறெங்கோ வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வானத்தைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், "சரி, மழைக்கு முன்னாடி இப்பவே பண்ணிடலாம்" என்றார்கள். மைக் இல்லை, பாட்டு இல்லை, யாரும் எழுந்துகூட நிற்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

என் பேத்தி திரும்பித் தேடினாள். "அப்பா, அம்மா எங்க?"

என் மகன் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தான். பெண்ணைப் பெற்றவளை மாடியில் பைக்குக் காவல் வைத்திருக்கிறேன் என்று அந்த மனுஷர்கள் முன்னால் சொல்ல அவனுக்கு வெட்கம். வெட்கம் வந்தவன் இரண்டு எட்டு நடந்து போய்க் கூட்டி வந்திருக்க வேண்டும். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"பின்னாடி நிக்கிறா. நீ ஆரம்பி, மழை வருது."

இதை நான் என் காதால் கேட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஏன் இருந்தேன் என்றால், நான் இன்னும் கல்யாணம் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். எங்களுக்குக் கல்யாணம் என்றால் உட்கார்ந்த கால் மரத்துப்போக வேண்டும், இரண்டு முறை சண்டை வந்து அடங்க வேண்டும், மூன்று முறை காப்பி வர வேண்டும். இதென்னவோ கையெழுத்துப் போடுகிற வேலை, பிறகுதான் கல்யாணம், அதற்குள் அவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். என்னவோ பேசினார்கள், ஏதோ ஓர் இடத்தில் என் பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள், எல்லாரும் கை தட்டினார்கள். பத்து நிமிஷம். கல்யாணம் முடிந்துவிட்டது.

மழை வந்தது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, சுவரோரம் இழுத்துக் கட்டியிருந்த தார்ப்பாயின் கீழே ஓடினோம். அப்போதும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. குடை எடுக்க மாடிக்குப் போன சம்பந்தியம்மாள்தான் அவளைப் பார்த்தாள். அந்த அறை ஜன்னல் தெருப்பக்கம் பார்த்தது. பைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரர்கள் துவைத்துக் கட்டிலில் குவித்துப் போட்டிருந்த துணியையெல்லாம் மடித்து அடுக்கி வைத்திருந்தாளாம். பாஷை தெரியாது இரண்டு பேருக்கும். சம்பந்தியம்மாள் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து விடுவிடுவென்று கீழே கூட்டி வந்தாள். அந்த மனுஷியின் முகத்தில் அப்போது இருந்த கோபம் எங்களில் ஒருத்தர் முகத்திலும் இல்லை.

பெண் ஈரக் காலோடு ஓடி வந்தாள். "அம்மா, எங்க நின்னீங்க? நான் தேடினேன்."

கல்யாணத்தில் சண்டை போட்டாள், பையைத் தூக்கி எறிந்தாள், கத்தினாள் என்று சொல்கிற வாய்களெல்லாம் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அவள் சொன்னது இதுதான்:

"பின்னாடிதான் கண்ணு நின்னேன். உயரமான ஆளுங்க மறைச்சுட்டாங்க. நீ சிரிச்சது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாப்பிள்ளை அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடட்டும் என்று பேத்தி மூலமாகக் கேட்டான். "அம்மான்னே கூப்பிடச் சொல்லு" என்றாள். சம்பந்தியம்மாள் தன் தட்டையே அவள் மடியில் வைத்து, சாப்பிடுகிறவரை பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, அவ எந்தப் பக்கம் நின்னா? அவன் கையை இவ புடிச்சாளா, இவ கையை அவன் புடிச்சானா? எதுக்குச் சிரிச்சா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத் தவித்தவளை மாடியில் உட்கார வைத்துவிட்டு, கீழே இருந்தவர்கள் பார்த்த லட்சணம் அது.

ஊருக்குத் திரும்பினோம். மறுநாளே ஆறு மணிக்கு அவள் வேலைக்குப் போய்விட்டாள். புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மறந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை. அது என்ன பெரிய பாரமா தூக்குவதற்கு? டெப்போவில் பஸ் இரண்டு நிமிஷம் லேட்டானால் டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவன்.

மூன்று வாரம் கழித்துப் பேத்தி போன் பண்ணினாள். "பாட்டி, எல்லாரும் எடுத்த போட்டோவும் வந்துடுச்சு. நூத்திப் பன்னெண்டு இருக்கு. மழைக்கு முன்னாடி எடுத்த ஒண்ணுலயும் அம்மா இல்ல. பின்னாடிதானே நின்னாங்க?"

மருமகள் எனக்கு எதிரே நின்று தலையை ஆட்டினாள், சொல்லாதீர்கள் என்று. நான் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன், என் மகனை வைத்துக்கொண்டே சொன்னேன். பிறகு, "அப்பா, பின்னாடி நிக்கிறான்னு நீங்கதானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டாள். அவன் போனைப் பிடுங்கி அணைத்தான்.

"கெழவிக்கு வாய் நிக்காது" என்றான்.

"உனக்குக் கால் நடக்காது" என்றேன். "ரெண்டு எட்டு மாடி ஏற முடியலையே உன்னால."

பேத்தி மறுபடி கூப்பிட்டு, அழுதுகொண்டே, "அம்மா, நீங்க வாங்க, உங்களுக்காக இன்னொரு தடவை பண்றோம்" என்றாள். மருமகள் சிரித்தாள். "கல்யாணம் என்ன விரிப்பா, கறை போகலைன்னு மறுபடி மெஷின்ல போடுறதுக்கு? நீ நல்லா இருந்தாப் போதும்" என்று வைத்துவிட்டாள். அன்று அவள் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. என் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நான் அந்தக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த மாதம், அவனுக்கும் அவளுக்கும் வார லீவு சேர்ந்து விழுந்த ஒரு நாள் காலை. என் மகள் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அழைக்க வந்தாள். தட்டில் பழம், பத்திரிகை எல்லாம் வைத்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் கொடுத்தாள். முறையாகத்தான் செய்தாள். மருமகளும் முறையாக வாங்கிக்கொண்டாள். அதோடு எழுந்து போயிருந்தால் இன்றைக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"அண்ணி, நீங்க ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும். இந்த மண்டபத்துல ரெண்டு அறை. ரெண்டுக்கும் நடுவுல கதவு இருக்கு, ஒரே ஆள் பாத்துக்கலாம்."

மருமகள் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமல் சொன்னாள்: "வர்றேன். முன் வரிசையில உக்காந்து பாக்குறேன்."

என் மகள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். "அப்ப அறைக்கு?"

"தெரியல. நான் உக்கார மாட்டேன்."

"அண்ணா, என்ன இவங்க இப்படிப் பேசுறாங்க?"

என் மகன் பேப்பரை மடித்து வைத்தான். "அவ கெடக்கா. அவ இருப்பா. நான் சொல்றேன்ல."

"இருக்க மாட்டேங்க" என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "இருபது கல்யாணம் ஆச்சு. போதும்."

"அந்த ஒரு நாள் கதையை இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கிக்கிட்டுத் திரிவே?" என்றான். அதற்கப்புறம்தான் அதைச் சொன்னான். என் வயிற்றில் பிறந்த வாய் அப்படிச் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. "பெத்த பொண்ணு கல்யாணத்தையே பாக்காம உயிரோடதானே இருக்கே? இதைப் பாக்காட்டி செத்துடுவியா?"

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள், துடைத்தாள். உள்ளே போய் நாலு புடவை, வேலைக்குப் போடுகிற சட்டை, வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தனையும் மடித்த மடிப்புக் கலையாமல் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. சலவைப் பிரிவில் அவளோடு விரிப்பு மடிக்கிறவள் வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் காலியாக இருக்கிறது என்று போன வாரமே என் காதில் போட்டிருந்தாள். நான்தான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

"எங்க கிளம்புறே?" என்றான் அவன்.

"பக்கத்துலதான். வேலைக்கு நடந்து போற தூரம்."

"சாயங்காலம் சாப்பாடு?"

இதைத்தான் கேட்டான். நான் பொய் சொல்லவில்லை, இதைத்தான் கேட்டான்.

அவள் வாசலுக்கு நடந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது நான் கதவுவரை போனேன். "இரும்மா, நானும் வர்றேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். என் மாத்திரை டப்பாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை எப்போதும் இஸ்திரி போட்ட துணி மாதிரி சூடாக இருக்கும். "நீங்க இருங்க அத்தை. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து என்னோட தங்குங்க. ஆனா இவரை நீங்கதானே வளத்தீங்க. கொஞ்ச நாள் நீங்களே வச்சுப் பாருங்க."

எடுத்த டப்பாவை நான் மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். செருப்புச் சத்தம் இரண்டாம் மாடி, முதல் மாடி என்று இறங்கிப் போய் நின்றது. நான் உள்ளே வந்தேன். என் மகன் பொங்கின பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என் மகள் மடியில் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணி எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்று ஒரு கேள்வி இல்லை.

"இப்ப அறையில யாரும்மா உக்காருறது?" என்றாள்.

"நீ உக்காரு" என்றேன். "உன் மகன் கல்யாணம்தானே. பெத்தவ பாக்கணும்னு என்ன இருக்கு?"